பதிவில் இல்லாத இரண்டு நாட்கள்

ஏழு மணிக்கு எழுந்து, பல் தேய்த்து, டீ போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்காருகிறேன். புது மருந்துச் சோதனைகளில் இறந்துபோனவர்களைப் பற்றி அறிக்கை எழுதுவது என் வேலை. இப்போதெல்லாம் முதல் வரைவை ஏஐ எழுதிவிடுகிறது, நான் சரிபார்க்கிறேன். இன்று வந்திருப்பதில் பெயர் இல்லை, எண்தான். பெண், வயது முப்பத்தொன்று. கீழே இருப்பது என் மனைவி இறந்த தேதி. அவள் சேர்ந்திருந்த அதே சோதனை. ஜன்னல் வெயில் திரையில் விழுந்து எழுத்துகளை வெளிறச் செய்கிறது. ஓரத்தில் ஏஐ மஞ்சள் நிறத்தில் குறித்திருக்கிறது: "கடைசி இரண்டு நாட்களின் அறிகுறிகள் பதிவில் இல்லை. வீட்டில் உடனிருந்தவரிடம் கேட்கவும்." போன் அடிக்கிறது. மேலதிகாரி அக்கா. "ஐயோ தம்பி, தேதியை இப்பதான் பார்த்தேன். வெறும் நம்பர்னு உங்களுக்கே அனுப்பித் தொலைச்சிருக்கேன். தொடாதீங்க, வேற ஆளுக்கு மாத்திடறேன்."

"மாத்துங்கக்கா. ஆனா வீட்டுல இருந்தவன்கிட்ட கேக்கணுமாம். யாரு கேக்கப் போறீங்க?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிடுகிறது. "சொல்லுங்க," என்கிறார். "நானே எழுதிக்கிறேன்." சோதனையில் இருக்கும் அந்த மாத்திரையை இன்று காலையும் இருநூறு பேர் விழுங்கியிருப்பார்கள். டீயில் ஆடை படிகிறது. ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் என் சட்டையை இழுத்து அவள் கடைசியாகச் சொன்னது: "மூச்சு வாங்குதுடா. டாக்டர்கிட்ட சொல்லிடாத, மருந்தை நிறுத்திடுவாங்க."