மாயாபுரித் துரோகி

“மைக்குல பேசினானே அந்தத் துரோகி, அவன மொதல்ல வெளிய அனுப்பு!”

கோட்டை வாசலில் முப்பது பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பிளைவுட் கோட்டைதான், ஆனால் இருந்தது ஒரே ஒரு வாசல். போருக்குக் கிளம்ப வேண்டிய ராஜா உள்ளே மாட்டிக்கொண்டு, கிரீடத்தைக் கழற்றாமல் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். எதிரிப் படையோ கோட்டைக்குள் நுழைய வழியில்லாமல் ஏரிக்கரையில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

இயக்குநர் ஸ்ரீகாந்துக்கு வியர்த்துக் கொட்டியது. இது அவருக்கு முதல் படம். ராஜாவாக நடிக்கும் ஹீரோ இன்று ராத்திரி ஃபிளைட்டில் போனால், திரும்பி வர ஆறு மாசம். துரோகி ராஜா மேல் ஈட்டி எறிகிற காட்சியை வெயில் இறங்குவதற்குள் எடுக்காவிட்டால், படமே அவ்வளவுதான்.

“யாருய்யா இவங்கல்லாம்?”

“குடோன் பஸ் ஸ்டாப் ஊர் ஆளுங்க சார்,” என்றார் மேனேஜர் அப்பாவு. “இந்த எடமே அவங்களுதுதான். காலைல நல்லாத்தான் இருந்தாங்க. நம்ம யூனிட்டுக்கே மோர் குடுத்தாங்க. மத்தியானம் மைக்குல துரோகி டயலாக் ஒத்திகை பாத்தோம்ல, அப்பத்தான் சார் புடிச்சுது.”

“இன்னாது, குடோன் ஸ்டாப்பா?” கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த ராஜசேகரன் எகிறினார். “ஊரு பேர எருக்கந்தாங்கல்னு சொல்லு நைனா! குடோன் நேத்து வந்துது!”

ஸ்ரீகாந்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. கதையே ஒரு பழைய செப்பேட்டிலிருந்து எடுத்ததுதான். சண்டையின் நடுவே எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டு, சொந்த ராஜா மேலேயே ஈட்டியை எறிந்த கொற்றன், எருக்கந்தாங்கல்காரன். ஆக, இது ஊர் மானப் பிரச்சினை.

துரோகி வேஷம் கட்டியிருந்த பால்ராஜுக்கும் விளங்கிவிட்டது. அவர் சத்தம் போடாமல், வாசலோரம் நின்ற ஃபைபர் யானையின் வயிற்றுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

“ஐயா, நீங்க பயப்படவே வேணாம்,” என்று ஸ்ரீகாந்த் கும்பிட்டார். “செப்பேட்டுல உங்க ஊர் பேர் இருந்துச்சு. பிரச்சினை வேணாம்னு நேத்தே எடுத்துட்டேன். ‘மாயாபுரிக் கொற்றன்’னு மாத்திட்டேன்.”

“பாத்தியா, அவன் வாயாலயே ஒத்துக்கினான்!” ராஜசேகரனின் மனைவி தாட்சாயிணி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். கூட்டம் மொத்தமாக இரண்டடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

“படம் ஆரம்பிக்கும்போதே ‘யாவும் கற்பனை’ன்னு கார்டு போடறோம்மா. பத்து செகண்ட் போதாதுன்னா ஒரு நிமிஷம் போடறேன்!”

“யாருய்யா கற்பனை? நாங்க கற்பனையா?”

“சரி, சரி! கொற்றன்கிற பேரே வேணாம். கப்பல்ல வந்த சீனாக்காரன்னு வெச்சிடலாம்.”

“சீனாக்காரனா!” ராஜசேகரன் துண்டை உதறினார். “யோவ், கொற்றனுக்கு வாரிசே இல்லன்னு நெனச்சிக்கினியா? முப்பது பேரு குந்திகினு கீறோம், கண்ணு தெரியல?”

“அப்ப அவனை நல்லவனாக்கிடறேன். கடைசில ராஜா கால்ல விழுந்து அழறான்.”

“எங்காளு எவன் காலுலயும் வுழ மாட்டான்!”

அந்த நேரம் பார்த்து யானை தும்மியது.

தாட்சாயிணி யானையின் வயிற்றுக் கதவைத் திறந்து, பால்ராஜைக் காதைப் பிடித்து இறக்கினாள். ஈட்டியும் கையுமாக அவர் வந்து நின்றார்.

“ஏன்யா, ராஜாவ எத்தினி அடில நின்னு அடிக்கிற?”

“பத்தடிக்கா.”

“படுதா?”

“சத்தியமா படாதுக்கா! தோளை உரசிக்கிட்டுப் போயிடும்.”

“ச்சே!” என்றாள் தாட்சாயிணி.

ஸ்ரீகாந்துக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஞ்சிப் போனால் அரை மணி நேர வெயில்தான் பாக்கி. உள்ளேயிருந்து ராஜாவின் குரல் வேறு வந்தது.

“ஸ்ரீகாந்த், நான் மீசையை எடுத்துடவா?”

“வேணாம் சார், வேணாம்! ரெண்டே நிமிஷம்!” ஸ்ரீகாந்த் ராஜசேகரன் எதிரில் மண்டி போட்டே உட்கார்ந்துவிட்டார். “ஐயா, கடைசியா சொல்றேன். துரோகியே வேணாம். கதையிலேருந்தே தூக்கிடறேன். ஈட்டி எங்கிருந்தோ பறந்து வந்துச்சுன்னு எடுத்துக்கறேன். எருக்கந்தாங்கலுக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமே கிடையாது. போதுமா?”

கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. பின்வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். ஸ்ரீகாந்த் பெருமூச்சு விட்டு, கேமராவைத் தயார் செய்யச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

தூக்கிய கையை ராஜசேகரன் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“சரித்திரத்துல எங்க ஊரு பேரு வர்றதே அந்த ஒரு எடத்துலதான் சார்!”