பதினான்கு குழாய்கள்

பதினான்கு பேருக்கும் மலத்தில் ரத்தம் இருக்கிறது என்று ஆய்வகத் தாள் சொன்னது.

டாக்டர் அதை மூன்றாவது முறையாக மேலிருந்து கீழே படித்தார். நர்ஸம்மா மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல அவர் மறந்துவிட்டார். தானாக உட்கார அவளுக்குத் தைரியம் இல்லை.

“ஒரே தெருவுல பதினாலு பேருக்கு எப்படி சிஸ்டர் வரும்? தண்ணியில ஏதாவது கலக்குதா?”

அவள் பார்வையை அவர் தலைக்கு மேலே தூக்கினாள்.

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு வரைபடம் இருந்தது. ஒன்பது வட்டாரங்கள். அறுபதைத் தாண்டியவர்களில், குடல் புற்றுநோய் நன்றாக முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எங்கே அதிகமோ அங்கே சிவப்பு அதிகம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வெளிர் ரோஜா. இந்தப் பக்கம், அவளுடைய வட்டாரம், பழுத்த மிளகாய்.

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மலத்தைச் சோதனைக்குக் கொடுக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் கொடுப்பதில்லை.

அவள் வீடு வீடாகக் கொடுத்த சோதனைப் பெட்டியில் ஒரு குச்சி, ஒரு குழாய். குச்சியால் தொட்டுக் குழாயில் போட்டு மூடித் தர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தால்கூட ஆய்வகம் கண்டுபிடித்துவிடும். இந்த வருடம் வட்டாரம் பெரும்பாலும் ஒருவழியாகச் சம்மதித்தது. கடைசித் தெருதான் அவள் உயிரை வாங்கியது.

தையல்காரர் பெட்டியில் ஊசி போட்டு வைத்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவி, பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். மூலை வீட்டு அம்மா, “மருமக முன்னால இதை எப்படிம்மா கையில எடுத்துட்டு வருவேன்?” என்று அழுதேவிட்டாள்.

கெஞ்சினாள். மிரட்டினாள். காலில் விழாத குறை.

எண்பது சதவீதம் சேராவிட்டால் அடுத்த வருடம் உங்கள் வட்டாரத்துக்குப் பெட்டியே கிடையாது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இன்னும் பதினான்கு குறைந்தது. அந்தத் தெருவிலிருந்து காலிக் குழாய்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள்.

கடைசி நாள் காலையில், தாழிட்ட ஒரே குளியலறையில், பதினான்கு குழாய்களும் நிரம்பின. ஒட்டிய பெயர்ச் சீட்டுகள்தான் வேறு வேறு.

யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று நினைத்தாள். எல்லாம் சுத்தம் என்று தாள் வரும். அடுத்த வருடமும் பெட்டி வரும். அதற்குள் அந்தத் தெருவைப் பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவளுடையது இருபது நாள் தாங்கியது.

இப்போது அந்தப் பதினான்கு பேரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டு, காரணம் சொல்லாமல் வரவழைத்திருந்தார்கள். வாசலில் புற்றுநோய்ப் பிரிவு என்று எழுதியிருந்ததை எல்லோரும் படித்திருந்தார்கள். தையல்காரர் பொண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் அந்தத் தெரு பார்க்காத காட்சி அது.

டாக்டர் தாளை மடித்துக்கொண்டு எழுந்தார்.

“வாங்க, சொல்லிடலாம். உள்ள குழாய் விட்டுப் பார்த்தாதான் எதுவும் நிச்சயம். பயப்படாதீங்கன்னு நீங்க சொன்னா கேப்பாங்க.”

கதவுக்கு ஆறு அடி இருந்தது.

அவர் போய், “நீங்க குடுத்த சாம்பிள்ல” என்று ஆரம்பித்ததும் தலைமையாசிரியர் எழுந்து, நான் எப்போது கொடுத்தேன் என்று கேட்பார். அதற்குப் பிறகு விசாரணை, விளக்கக் கடிதம், வராந்தாவில் கிசுகிசு. முப்பத்தொரு வருட வேலை. ஓய்வுபெற இன்னும் இரண்டே வருடம். போனால் போகட்டும் என்று சொல்ல அவள் ஒன்றும் மகான் இல்லை.

ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் மூலை வீட்டு அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இவளையே பார்த்தாள்.

டாக்டர் கைப்பிடியில் கை வைத்தார்.

“சார், திறக்காதீங்க. அது அவங்களோடது இல்ல. பதினாலும் ஒரே ஆளோடது. நான்தான் பேர் மாத்தி ஒட்டுனேன்.”

சொல்லிவிட்டாள். இனி கத்துவார், தாளை முகத்தில் வீசுவார், வெளியே போ என்பார் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் கத்தவில்லை. மடித்த தாளை மறுபடி பிரித்தார். அதில் பதினான்கு முறையும் ஒரே முடிவுதான் இருந்தது.

“யாரோடது?” என்றார் மெதுவாக.

என்ன கேள்வி இது என்று நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காலையிலிருந்து அந்தத் தாளை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. வேலை போய்விடுமே என்றுதான் ஒவ்வொரு தடவையும் பயந்தாள். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

“என்னோடதுதான், சார்.”

டாக்டர் கைப்பிடியை விட்டுவிட்டு வந்தார். தன் நாற்காலியையே இழுத்து அவளருகில் போட்டு, உட்காரச் சொன்னார்.

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.