ஒருமனதாக

சாவி மேசையின் நடுவில் கிடந்தது. கை நீட்டினால் எட்டும்.

பக்கத்தில் மேட்டில் இருக்கும் சபை ஹாலின் சாவி அது. காய்ந்த தரை, அடுக்கி வைத்த பாய்கள், ஒரு கழிப்பறை. கீழே ஆலயத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அன்றைய ஞாயிறு ஆராதனையே நடக்கவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், மேடான பஸ் நிழற்குடையில், ஆற்றோரக் குடியிருப்பு ஜனங்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். விடியற்காலையில் அவர்கள் வீடுகளுக்குள் ஆறு புகுந்துவிட்டது.

மாடியில் நாங்கள் ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, அவர்களுக்கு ஹாலைத் திறந்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் சபையில் ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டு என்றால் யாராவது தோற்கவேண்டும். அதனால் எல்லோரும் சம்மதிக்கும்வரை பேசுவோம். ஒருவருக்கு மனசு ஒப்பவில்லை என்றாலும் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று. இன்னொரு விதியும் உண்டு. பேசுகிற விஷயத்தில் தனக்கு ஆதாயம் இருப்பவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

இப்படிப் பேசிப் பேசித்தான், மற்ற சபைகள் வாசலிலேயே நிறுத்தியவர்களை நாங்கள் முன்வரிசையில் உட்காரவைத்தோம். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் தண்ணீருக்குச் சுற்று முறையெல்லாம் தெரியாதே.

அவர்களைக் கேட்காமல் நாமே முடிவெடுத்தால் பிச்சை போடுகிற மாதிரி ஆகிவிடும் என்றார் வக்கீல். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஒரு பகுதிக்கு மட்டும் செய்தால் மற்ற பகுதிக்காரர்களுக்கு அநியாயம் இல்லையா என்றார் பல் டாக்டர்.

ரிட்டயரான இன்ஜினியருக்குக் கழிப்பறைக் கவலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே ஒன்று, பெண்கள் சங்கடப்படுவார்கள். நிழற்குடையில் அந்த ஒன்றும் இல்லையே என்றேன். டீச்சர் சொல்வது புரிகிறது என்றார். எங்கள் சபையில் புரிகிறது என்றால் அடுத்த சுற்று என்று அர்த்தம்.

ஒரே ஒரு கெட்டவர் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அத்தனை பேரும் நல்லவர்கள். என் தலையெழுத்து.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பள்ளிப்பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி எங்கள் மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆயரம்மா பெருமூச்சு விட்டார். அங்கிருந்து யாராவது ஒருவர் இங்கே உட்கார்ந்து பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்.

வந்தாலும் அவர் விதிப்படி வெளியே போகவேண்டுமே என்றார் வக்கீல், வருத்தத்தோடு.

நான் எழுந்தேன். நாற்காலிக்கடியில் இருந்த பிளாஸ்டிக் பையை எடுத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று காலையிலிருந்து யாரும் கேட்கவில்லை. என் புடவை முழங்கால்வரை சேறாக இருந்தது. அதையும் கேட்கவில்லை, மழைதானே. வாடகை கட்டுப்படியாகாமல் போன மாதம் வீடு மாறியதை நானும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

சாவியையும் எடுத்தேன்.

"டீச்சர், சுற்று இன்னும் முடியலையே. எங்க கிளம்பிட்டீங்க?"

"விதிப்படி வெளியில போறேன் ஆயரம்மா."

கொஞ்ச நேரம் ஆயிற்று அவர்களுக்குப் புரிய.

நான் ரோட்டைத் தாண்டுவதற்குள் அந்தச் சிறுமி பையைக் கீழே வைத்துவிட்டு, தரையில் தூங்கிப்போயிருந்த தங்கையை உலுக்க ஆரம்பித்தாள். "எழுந்திருடி, அம்மா வந்துட்டாங்க."

பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.