இமையாளுக்குப் பேச்சு வந்தது

திரையில் இமையாள் வாயைத் திறந்தாள்.

சங்கு முழங்கியது. பூ கொட்டியது. மலைக்கோயில் அம்பாளின் கண்ணிலிருந்து ஓர் ஒளி புறப்பட்டு இமையாளின் தொண்டைக்குள் இறங்கியது.

"இப்போதுதான் நான் முழுமையானேன்" என்றாள் இமையாள்.

அவளைப் படைத்தவள் டிவிக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து நாவல்கள். ஐந்திலும் இமையாள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வராது, காதும் கேட்காது. ஒரு படையே அவள் கையைப் பார்த்துத்தான் திரும்பும். பகைவர்கள் பந்தங்களை அணைத்த இரவில், பக்கத்தில் நின்றவனின் உள்ளங்கையில் தொட்டுக் கட்டளையைச் சொன்னாள். கைக்குக் கை மாறி அது கடைசி வீரன் வரை போயிற்று. அந்த இருட்டில்தான் ஜெயித்தார்கள்.

"ஒரு எழுத்தக்கூடத் தொட மாட்டோம் மேடம்" என்று சேனல்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

உண்மைதான். எழுத்தை விட்டுவிட்டுக் கையை வெட்டியிருந்தார்கள்.

பாவிகள்.

பக்கத்தில் தங்கை செண்பகம். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இமையாளின் கை, செண்பகத்தின் கை. உள்ளங்கைப் பேச்சு, கரண்ட் போன ராத்திரிகளில் ஒரே பாயில் படுத்து இருவரும் பேசிய பேச்சு.

முதல் வாரம் அந்த நடிகை கையை ஆட்டியதைப் பார்த்துச் செண்பகம் விழுந்து விழுந்து சிரித்தாள். உளறுகிறாள் என்று சைகை காட்டினாள். பாவம், போகப் போகக் கற்றுக்கொள்வாள் என்றும் காட்டினாள்.

இன்று படைக்குக் கட்டளையிடும் காட்சி என்று விளம்பரம் வந்தது. செண்பகம் சாயங்காலமே அடுப்படியை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா டிவியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"கதையிலயாவது அம்பாள் கண்ணத் தொறந்தாளே. நம்ம புள்ளைக்குத்தான் தொறக்கல."

நல்லவேளை, செண்பகத்துக்குக் கேட்காது என்று அக்கா நினைத்தாள். நினைத்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

செண்பகம் முழங்கையால் இடித்தாள். திரையைக் காட்டினாள்.

என்ன சொன்னாள்?

இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். எல்லோரும் சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள், யார் வீட்டுக் கல்யாணத்தையோ பேசுவார்கள். செண்பகம் என்னவென்று கேட்டால் உள்ளங்கையை ஒரு திருப்பு. ஒன்றுமில்லை. அப்பா திருப்புவார். அம்மா திருப்புவாள். சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் திருப்புவார். செண்பகம் சிரித்த முகமாகத் தலையாட்டிவிட்டுக் குனிந்து சாப்பிடுவாள்.

அக்கா மட்டும் திருப்பியதே இல்லை. செண்பகத்தை யாராவது திட்டினால் அதைக்கூட ஒன்று விடாமல் கையால் சொல்லிவிடுவாள். முதல் நாவலில் இமையாள் போட்ட முதல் உத்தரவே அதுதான். என் கோட்டைக்குள் ஒருவரும் அப்படிக் கையைத் திருப்பக் கூடாது.

செண்பகம் மறுபடி இடித்தாள்.

திரையில் இமையாளின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கைகள் இரண்டும் சும்மா தொங்கின.

முழுமை. அதற்குச் செண்பகம் சின்ன வயதிலேயே ஒரு சைகை வைத்திருந்தாள். இரண்டு கைகளையும் சேர்த்து வட்டமாக ஒரு பௌர்ணமி நிலா.

அக்கா தன் மடியிலிருந்து கைகளை எடுக்கப் பார்த்தாள்.

ஒரு கைதான் எழுந்தது. திரும்பியது.

செண்பகம் அந்தக் கையைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு, சிரித்த முகமாகத் தலையாட்டினாள்.