பூச்சி தின்ற குடுமி

பழைய ஜப்பானிய சுமோ வீரர்களின் படம் போட்ட அட்டைகளை அருளானந்தம் இருபது வருடமாகச் சேர்க்கிறார். அவற்றில் அவர் உயிரையே வைத்திருந்த அட்டையில், வீரனின் குடுமியை மட்டும் பூச்சி தின்றிருந்தது. முகம், தொப்பை, இடுப்புக்கச்சை எல்லாம் அப்படியே இருந்தன.

“ஈரச் சுவர்னு தெரியாம அந்த அலமாரியில வச்சது நான்தாங்க,” என்றாள் மனைவி பிலோமினா. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் வெகுநேரம் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

“அங்க சுமோவை விட்டு ஓய்வு எடுக்கிறவனுக்குத்தான் குடுமியை வெட்டுவாங்க, பிலோ. இவன் இந்த அட்டையில எழுபது வருஷமா மல்லுக்கு நின்னுட்டே இருந்தான். இப்பத்தான் ஓய்வு.”

அட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி, சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்தார்.

அவள் முந்தானையை விட்டாள்.

“உங்க ஆளை இனிமேலாவது அளவாச் சாப்பிடச் சொல்லுங்க,” என்று இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.