பாதியில் அணைந்த சூளை

"இந்தத் தடவையும் உன் வயரிங் பல்லிளிச்சிடுச்சேப்பா!"

அக்கா புருஷன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். எலக்ட்ரீஷியன் தம்பி கருவிப் பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

கூடத்தில் அவருடைய ஆபீஸ் நண்பர்கள் காபியும் கையுமாக வேடிக்கை பார்த்தார்கள். மனைவி செய்த ஜாடிகளை மின்சூளையிலிருந்து சுடச்சுட எடுத்துக் காட்டுகிறேன் என்று அவர்தான் பெருமையடித்து வரவழைத்திருந்தார். நேற்று போட்ட சூளையோ பாதியில் அணைந்து, உள்ளே ஜாடிகள் பச்சை மண்ணாகவே உட்கார்ந்திருந்தன.

"லோடு தாங்காம தானா விழுந்தா பிரேக்கர் சுவிட்ச் நடுவுல நிக்கும், பார்த்ததும் தெரியும்னு பெரிசா பாடம் எடுத்தியே! இப்ப என் மானம்தான் நடுத்தெருவுல நிக்குது."

நண்பர்கள் சிரித்தார்கள். தம்பிக்குக் காது மடல் வரை சுட்டது. சொந்த அக்கா வீட்டு வேலையிலேயே கோட்டை விட்டவனை இனி எவன் வீட்டுக்குள் விடுவான்?

"பார்த்துடறேன் மாமா" என்று முனகிவிட்டுப் பின்னறைக்கு நழுவினான்.

பலகையில் சூளைக்கென்று தனியாகப் போட்ட பிரேக்கரின் சுவிட்ச் முழுக்கக் கீழே இறங்கிக் கிடந்தது. அவமானத்தில் இருந்தவனுக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். தடித்த வயர் எங்கேயும் கருகவில்லை, திருகுகள் இறுக்கமாக இருந்தன, எர்த்தும் சரி. ஒரு குறையாவது அகப்பட்டிருந்தால் தேவலையென்று இருந்தது.

அக்கா வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். மண் காய்ந்த விரல்கள் ஏப்ரன் நாடாவைத் திருகிக்கொண்டிருந்தன. தன்னால் இவளுக்கும் தலைகுனிவு என்று நினைத்தவன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"மன்னிச்சுடுக்கா. என்ன தப்பு பண்ணேன்னே தெரியல. பேசாம வேற ஆளை வச்சுப் பார்த்துக்கோ."

"உன் மேல தப்பே இல்லடா."

"தப்பில்லாம ரெண்டு தடவையும் எப்படிக்கா தானா..."

பேச்சு பாதியில் நின்றது. பலகையைத் திரும்பிப் பார்த்தான். சுவிட்ச் நடுவில் நிற்கவில்லை.

"அக்கா, இது தானா விழல. யாரோ கையால அணைச்சிருக்காங்க!"

அக்கா அவன் வாயைப் பொத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"கத்தாதடா. சுட்டு எடுத்திருந்தா என் ஜாடிங்கதான் விரிசல் விட்டு அத்தனை பேர் முன்னாடியும் பல்லிளிச்சிருக்கும்... நான்தான் அணைச்சேன்."