விண்வெளிக்கு ஒரு வேண்டுதல்

விமானப்படை விமானி கவிப்ரியா, விண்வெளி வீரர் தேர்வில் கடைசிக் கட்டம் வரை வந்துவிட்டாள். சுழல் நாற்காலிதான் பாக்கி. அதில் சுற்றி இறங்கியதும் தலை கிறுகிறுத்து, டாக்டரின் சட்டையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். ஒரு மாதம் கழித்து மறுதேர்வுக்கு வரலாம் என்று இன்னொரு வாய்ப்பு தந்தார்கள்.

விடுப்பில் மன்னார்குடிக்கு வந்தாள். விடியற்காலையில் அம்மா அகிலாண்டம் ஈரப்புடவையோடு கோயிலுக்குக் கிளம்பினாள்.

"எங்கம்மா?"

"அங்கப்பிரதட்சணம். ஒரு மாசம் உருள்றதா உனக்காக வேண்டியிருக்கேன்."

"என்னன்னு வேண்டிக்கிட்ட?"

"வெளிய சொன்னா பலிக்காதுடி."

கவிப்ரியாவுக்குக் கண் கலங்கியது. "எனக்காக நீ உருளுவ, நான் வேடிக்கை பாப்பேனா?"

முதல் நாள் பாதிப் பிராகாரத்திலேயே எழுந்து வெளியே ஓடி வாந்தி எடுத்தாள்.

"உனக்கு இது ஒத்துக்காது. நீ வீட்டுல இரு" என்றாள் அகிலாண்டம்.

மகள் கேட்கவில்லை. தினமும் அம்மாவோடு உருண்டாள். மாதக் கடைசியில் மூன்று சுற்று உருண்டு எழுந்து, நேராக நடந்துபோய்ப் புளியோதரை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுதேர்வு முடிந்ததும் போன் செய்தாள். அப்பா துரைராசு ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, தேறிட்டேன்! சுத்துன சுத்துல பாத்துக்கிட்டிருந்த டாக்டருக்குத்தான் மயக்கம் வந்துச்சு. எல்லாம் அம்மா வேண்டுதல்ப்பா!"

போனை வைத்ததும் அகிலாண்டம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அதான் பலிச்சிடுச்சே, அகிலா. இப்பவாவது சொல்லேன், என்னதான் வேண்டிக்கிட்ட?"

"அவ்வளவு உசரத்துக்கு எப்படிங்க புள்ளைய அனுப்புறது? அந்தத் தலைசுத்தல் போகவே கூடாதுன்னுதாங்க உருண்டேன்!"